டெப் வாங்கும் முன் பெற்றோர் கேட்பவை: மலிவானதா, விலை கூடியதா?

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். டியூட்டுகள் (வகுப்பில் கொடுக்கும் பாடக் குறிப்புத் தாள்கள்) எல்லாம் பிடிஎஃப் ஆகி வட்ஸ்அப்பில் போகத் தொடங்கிய நாளிலிருந்து, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசற்படியில் நின்று என்னிடம் கேட்பது திரிகோணகணிதத்தைப் பற்றியல்ல, டெப் எனப்படும் டேப்லெட்டைப் பற்றித்தான். "சேர், எதை வாங்குவது?" ஒவ்வொருவருக்கும் அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். கொழும்பில் ரூபாய் விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால், பெரும்பாலும் நிறுவனங்கள் அறிவித்த டொலர் விலையைத் தருகிறேன். கணக்குக்கு ஒரு டொலர் 300 ரூபாய் என்று வையுங்கள்.

35,000 ரூபாய்க்கும் டெப் இருக்கிறது, 4 லட்சத்துக்கும் இருக்கிறது. பார்க்க இரண்டும் ஒரே கண்ணாடித் துண்டுதானே?

கடையில் ஐந்து நிமிடம் தொட்டுப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். புதுப் பெட்டியில் மெமரி, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் இடம், வெறுமையாக இருக்கும், கடைக்காரர் ஓடவிடும் வீடியோ முன்கூட்டியே இறக்கி வைத்ததாக இருக்கும், வெளிச்சம் முழுதாகக் கூட்டப்பட்டிருக்கும். வித்தியாசம் வீட்டுக்குப் போய் எட்டாம், ஒன்பதாம் மாதத்தில்தான் வரும்.

மலிவான டெப்பில் பெரும்பாலும் இஎம்எம்சி வகை மெமரி இருக்கும். அது வேகம் குறைந்தது, நிரம்ப நிரம்ப இன்னும் மந்தமாகும். விலை கூடியவற்றில் யுஎஃப்எஸ் அல்லது அதைவிட வேகமான மெமரி. அடுத்தது திரை. விலை கூடிய டெப்பில் மேல் கண்ணாடியும் உள்ளே உள்ள திரையும் ஒட்டியிருக்கும். மலிவானதில் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருக்கும். பேனை வைத்து எழுதும்போது நுனி ஓரிடத்திலும் கோடு சற்றுக் கீழேயும் விழுவதுபோல் தோன்றும். வகையீட்டுக் கணக்கில் அடுக்குக்குறி எழுதும் பிள்ளைக்கு இது பெரிய தொல்லை.

மூன்றாவது, பெட்டியில் அச்சிடாத ஒன்று: எத்தனை ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்பது. 2019இல் வந்த ஏழாம் தலைமுறை ஐபேட்டுக்கு 2024இல் வெளியான ஐபேட்ஓஎஸ் 18 என்ற இயங்குதளம் கிடைத்தது. சாம்சங் தன் டெப் எஸ்10 வரிசைக்கு ஏழு ஆண்டு வாக்குக் கொடுத்தது. பெயர் தெரியாத மலிவு டெப்களில் ஒரு புதுப்பிப்புக்கூட வராதவை பல. அண்ட்ரொய்ட் பழசானால் வங்கிச் செயலி முதலில் மறுக்கும், பிறகு சூம் மறுக்கும். கருவி நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பயன்படாது.

விலைப் போட்டியில் நிறுவனங்கள் செலவை எங்கே வெட்டுகின்றன என்று கேட்டால் என் பதில் இதுதான்: கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் யாரும் வெட்டுவதில்லை. கருவி உழைக்கும் ஆண்டுகளில்தான் வெட்டுகிறார்கள்.

இந்த விலைப் போட்டி எப்படித் தொடங்கியது?

2010இல் ஆப்பிள் முதல் ஐபேட்டை 499 டொலருக்குக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதே விலையில் நின்று மோதிப் பார்த்தார்கள். எச்பி நிறுவனம் 2011 ஜூலை 1ஆம் திகதி தன் டச்பேட்டை அதே 499 டொலருக்கு இறக்கியது. ஏழு வாரத்தில் கைவிட்டது. மிச்சம் கிடந்தவற்றை 99 டொலருக்கு விற்றபோது சனம் அள்ளிக்கொண்டு போனது. 499க்கு சீண்டாத அதே பொருள்! டெப் வேண்டாம் என்று சனம் சொல்லவில்லை, அந்த விலைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னது. அது எல்லோருக்கும் அன்று விளங்கியது.

அதே ஆண்டு நவம்பரில் அமேசன் கிண்டில் ஃபயரை 199 டொலருக்கு விற்றது. கருவியில் இலாபம் பார்ப்பதில்லை, அதைப் பாவித்துப் புத்தகமும் படமும் வாங்கும்போதுதான் இலாபம் என்று அமேசன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாகவே சொன்னார். 2012இல் கூகுள், அசூஸ் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த நெக்சஸ் 7ஐ அதே 199 டொலருக்குக் கொடுத்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஆப்பிளும் 329 டொலருக்கு ஐபேட் மினியுடன் இறங்கி வந்தது. 2015இல் அமேசன் 50 டொலர் வரை கீழே போனது. 2017இல் ஆப்பிள் பெரிய ஐபேட்டையே 329க்குத் தந்தது.

இந்தியாவின் ஆகாஷ் டெப்பையும் மறக்கக்கூடாது. 2011 ஒக்டோபரில், மாணவர்களுக்கென்றே, சுமார் 50 டொலர் செலவில். நோக்கம் மிக நல்லது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் விலையை அந்த மட்டத்துக்குக் கொண்டுவர அதில் போட்டது 256 எம்பி ரேமும் (செயலிகள் ஓடும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்) அழுத்தினால்தான் வேலை செய்யும் பழைய வகைத் திரையும். கையெழுத்துப் பழகும் பிள்ளையின் விரலுக்கு அது ஒத்துழைக்கவில்லை. மலிவு என்பதற்கு ஒரு தரைமட்டம் உண்டு, அதற்குக் கீழே போனால் கிடைப்பது டெப் என்ற பெயர் மட்டும்தான்.

அமேசன் டெப்பை வெளிநாட்டிலிருந்து அனுப்புவதாக மாமா சொல்கிறார். எடுக்கலாமா?

வீடியோ பார்க்க, புத்தகம் வாசிக்கச் சரி. வகுப்புக்கு வேண்டாம். அதில் கூகுள் பிளே ஸ்டோர் இல்லை. குறைந்த விலைக்கு வருபவற்றில் பூட்டுத் திரையில் விளம்பரமும் ஓடும். அமேசன் அந்த விலைக்கு விற்பதே நீங்கள் அவர்களிடம் தொடர்ந்து வாங்குவீர்கள் என்ற நம்பிக்கையில். கொழும்பில் இருக்கும் உங்களுக்கு அந்தப் பேரத்தில் பங்கு குறைவு. மாமாவிடம், அதே காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டுப் பாவித்த ஐபேட் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆப்பிள் விலை குறைக்காது என்கிறார்களே?

குறைக்கிறது, ஆனால் கீழ்ப்படியில் மட்டும். பத்தாம் தலைமுறை ஐபேட் 2022இல் 449 டொலருக்கு வந்தது. 2024 மே மாதம் அதை 349 ஆக இறக்கினார்கள். அதே நாளில் அறிமுகமான ஐபேட் புரோவின் விலை 999இல் தொடங்கியது, 13 அங்குலம் 1,299. இரண்டு கதவு வைத்திருக்கிறார்கள்: ஒன்று ஷாவோமி, லெனோவோ, சாம்சங் ஆகியோரின் மலிவு டெப்களைச் சமாளிக்க, மற்றது விலை பார்க்காதவர்களுக்கு.

கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் படிக்கட்டு. 2025 மார்ச்சில் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேட் 128 ஜிபியுடன் 349. மெமரியை 256 ஆக்கினால் 449. யுஎஸ்பி-சி பென்சில் 79, கீபோர்ட் உறை 249. ஆக மலிவான ஐபேட்டையே பென்சிலும் கீபோர்டும் சேர்த்து எடுத்தால் 677 டொலர். அதே மாதம் வந்த ஐபேட் ஏர் வெறுமையாக 599! கடையில் நிற்கும்போது ஒவ்வொரு படியும் சிறியதாகத்தான் தெரியும், கீழே இறங்கி வந்து பில்லைப் பார்க்கும்போதுதான் உயரம் தெரியும். ஆகவே கடைக்குப் போகும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் முழுக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். கவர், சார்ஜர், பேனை, எல்லாம் சேர்த்து.

கணக்குச் செய்யப் பேனை கட்டாயமா? எந்தப் பேனை?

கணிதம், பௌதிகம், இரசாயனம் என்றால் கட்டாயம். விரலால் தொகையீட்டுக் குறி போட்டு யாரும் மூன்று மணித்தியால வினாப்பத்திரம் செய்ய முடியாது.

புறக்கோட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் றப்பர் நுனிப் பேனை எல்லா டெப்பிலும் வேலை செய்யும். ஆனால் டெப்புக்கு அது இன்னொரு விரல்தான். உள்ளங்கை திரையில் பட்டால் அதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிள்ளை கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எழுதி, அரை மணியில் தோள் வலிக்கிறது என்று கொப்பிக்குத் திரும்பிவிடும். என் வகுப்பிலேயே இப்படி எத்தனை பேர்!

நமக்குத் தேவை, உள்ளங்கையைப் பிரித்தறியும் பேனை. சாம்சங் டெப் எஸ்6 லைட் 2020இல் 349 டொலருக்கு வந்தபோது எஸ் பேனை பெட்டிக்குள்ளேயே இருந்தது. அந்தப் பேனைக்கு சார்ஜும் தேவையில்லை. அதன் பின் வந்த எஸ் வரிசை டெப்களிலும் பேனை பெட்டிக்குள்ளேயே வரும். பேனை பெட்டிக்குள் வருவது விலைப் போட்டியில் வாங்குபவருக்குக் கிடைத்த உண்மையான நன்மை, அதனால் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வரிசையைத்தான். ஆப்பிளின் யுஎஸ்பி-சி பென்சில் அழுத்தத்துக்கு ஏற்பத் தடிப்பு மாற்றாது. ஓவியருக்குக் குறைதான், கணக்குக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் உங்கள் பிள்ளையையே கையை நன்றாக ஊன்றி வைத்து ஒரு முழு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத விடாத கடையில் வாங்காதீர்கள்.

12 ஜிபி ரேம், 512 ஜிபி மெமரி, 28,000 ரூபாய் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் வருகிறது. உண்மையா?

இல்லை. அந்த விலைக்கு அந்த உள்ளடக்கம் யாராலும் தர முடியாது.

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனுக்கு அப்பா இப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தார். பெட்டியில் பளபளக்கும் எழுத்து, கூடவே கீபோர்ட், மவுஸ், இயர்போன் எல்லாம் இலவசம். செட்டிங்ஸில் 512 ஜிபி என்றே காட்டியது. அவன் இரண்டு வருட டியூட்டுகளையும் வீடியோப் பாடங்களையும் அதில் ஏற்றினான். மார்ச் மாதம் ஒருநாள் முகம் வெளிறிப்போய் வந்தான். கோப்புகளின் பெயர் வரிசையாக இருக்கிறது, திறந்தால் வெற்றுப் பக்கம். நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் சில பாடங்கள் வந்தன, அதற்குப் பிறகு ஏற்றியது ஒன்றுமே இல்லை. உள்ளே உண்மையில் இருந்தது ஒரு சின்ன மெமரி. பெரிய எண்ணைக் காட்டும்படி மென்பொருளை மாற்றி வைத்திருந்தார்கள். அது நிரம்பியதும் வந்தது எல்லாம் காற்றில் போனது. விற்ற பக்கமும் அதற்குள் மறைந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

செட்டிங்ஸில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். சிபியு-இசட் போன்ற இலவசச் செயலியை இறக்கி, சிப்பின் பெயரைப் பாருங்கள், பிறகு அந்தப் பெயரை இணையத்தில் தேடி எந்த ஆண்டுச் சிப் என்று பாருங்கள். இந்த எண்களையும் ஏமாற்ற வழியுண்டு. ஆகவே மெமரியை உறுதிப்படுத்த ஒரே வழி, பெரிய வீடியோக்களைப் பலமுறை பிரதி எடுத்து நிரப்பி, கடைசியில் ஏற்றியது ஓடுகிறதா என்று பார்ப்பது.

இன்னொரு வகை, பொய்யும் இல்லாத முழு உண்மையும் இல்லாத வகை: "8+8 ஜிபி ரேம்". இரண்டாவது எட்டு, மெமரியில் கடன் வாங்கியது. நல்ல நிறுவனங்களும் இப்படி எழுதுகின்றன. முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படிப்புக்கு 4 ஜிபி இழுபறி, 6 அல்லது 8 இருந்தால் நிம்மதி.

பாவித்த ஐபேட் நல்லதா?

பழைய உயர்ரக டெப்பும் புது மலிவு டெப்பும் ஒரே விலைக்கு வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நான் அநேகமாகப் பழையதைத்தான் தேர்ந்தெடுப்பேன். திரை, சிப், மெமரி மூன்றும் இன்னும் மேலாகவே இருக்கும். ஆனால் இரண்டு பூட்டுகளைப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

ஒன்று, முந்திய உரிமையாளரின் ஐகிளவுட் பூட்டு, அதாவது அவருடைய ஆப்பிள் கணக்கோடு கட்டிய பூட்டு. மற்றது, பலருக்குத் தெரியாதது: வெளிநாட்டுப் பாடசாலைகளும் நிறுவனங்களும் மொத்தமாக வாங்கிய ஐபேட்களில் இருக்கும் தொலை நிர்வாகப் பூட்டு. தற்காலிகமாக அதைத் தாண்டிச் சென்று, முகப்புத் திரை வரும்படி செய்து விற்பார்கள். நீங்கள் ஒருநாள் முழுதாக அழித்து மீளத் தொடங்கினால், எங்கேயோ உள்ள ஒரு பாடசாலையின் பெயர் திரையில் வந்து நிற்கும். அத்தோடு கதை முடிந்தது.

அதனால் விற்பவரின் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்து, வைஃபையில் இணைத்து, ஆரம்பத்திலிருந்து உங்கள் கணக்கில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து நிமிடம்தான் ஆகும். "பிறகு வீட்டில் செய்யலாம், அண்ணா" என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த ஆண்டு மாதிரி என்பதையும் பாருங்கள். 2017 ஐபேட் ஐபேட்ஓஎஸ் 16உடன் நின்றுவிட்டது, 2018இல் வந்தது 17உடன். இன்று அவற்றுக்குப் பெரிய காசு கொடுப்பது வீண்.

கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்குமா?

கருவியின் விலை இறங்கினாலும் நம் ரூபாய் அதை விழுங்கிவிடலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360 அளவுக்குப் போனது. 349 டொலர் டெப் ஒன்றை வைத்துக் கணக்குப் பாருங்கள்: 69,800 ரூபாயாக இருந்தது பத்து வாரத்தில் 125,640. அந்த நிறுவனம் ஒரு சதமும் கூட்டவில்லை. 2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 சதவீதமானது, கைபேசி உட்பட விலக்கு இருந்த பல பொருட்களும் வரிக்குள் வந்தன.

உலக அளவில் பார்த்தாலும் இப்போது காற்று எதிர்த்திசையில்தான் வீசுகிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால் 2025இன் கடைசியில் மெமரி விலை வேகமாக ஏறியது. இதில் அடி கூட வாங்குவது மலிவு டெப். 1,000 டொலர் கருவியில் மெமரியின் பங்கு சிறியது, 150 டொலர் கருவியில் பெரியது. விலையைக் கூட்ட முடியாதவர்கள் மெமரியைக் குறைப்பார்கள். தேவை இப்போது இருந்தால் இப்போதே வாங்குங்கள். பொறுப்பதில் பயன் உள்ள ஒரே நேரம், புது மாதிரி வரப்போகிறது என்று தெரிந்து பழையதன் விலைக்கழிவுக்குக் காத்திருப்பதுதான்.

கொழும்பில் எங்கே வாங்குவது?

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. மூன்றிலும் ஒரே டெப்புக்கு வேறு வேறு விலை கேட்கும். போனில் கேட்டு எழுதிக்கொண்டு போனால் பஸ் காசு மிச்சம். முதலில் சொல்வது பெரும்பாலும் காசுக்கான விலை. கடன் அட்டை என்றால் கூட்டுவார்கள், தவணை என்றால் இன்னும் கூட்டுவார்கள். "வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைக் கண்டால், காசு விலை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வித்தியாசம்தான் வட்டி.

வொரண்டி யார் தருவது என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்: நிறுவனத்தின் முகவரா, அந்தக் கடையா? கடை வொரண்டி கடை இருக்கும் வரைதான். பில்லில் தொடரிலக்கமும் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள், பில் இல்லாமல் அங்கேயும் பேசுவது கடினம்.

சிம் போடும் டெப் வேண்டுமா?

வீட்டில் வைஃபை இருந்தால் வேண்டாம். போனில் ஹொட்ஸ்பொட் போட்டாலே போதும், மிச்சக் காசை மெமரிக்குப் போடுங்கள். சிம் உள்ளதுதான் வேண்டும் என்றால் அதன் ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, காசு கொடுக்கும் முன் பாருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ கோல் கதைக்க மட்டும். அதற்கும் இத்தனை ஆராய்ச்சியா?

தேவையில்லை. பேரப்பிள்ளைகளின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும், சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெயர் தெரிந்த நிறுவனத்தின் மலிவு மாதிரி தாராளமாகப் போதும். 2023இல் அறிமுகமான சாம்சங் டெப் ஏ9 பிளஸ் 220 டொலருக்கு 11 அங்குலத் திரையும் நான்கு ஸ்பீக்கரும் கொடுத்தது. பத்து ஆண்டுக்கு முன் அந்த விலைக்கு இதை நினைத்தும் பார்த்திருக்க முடியாது, போட்டி செய்த நல்ல காரியம் இது. எழுத்தைப் பெரிதாக்கி, வட்ஸ்அப்பை மட்டும் முகப்பில் வைத்துக் கொடுங்கள்.

அப்போ மலிவானது உண்மையில் மலிவா, இல்லையா?

ஆண்டால் வகுத்துப் பாருங்கள். 40,000 ரூபாய் டெப் இரண்டு வருடம் தாங்கினால் வருடத்துக்கு 20,000. 349 டொலர் ஐபேட்டுக்கு வரியும் சேர்த்து 125,000 என்று வைத்தால், ஆறு வருடத்துக்கு வருடம் சுமார் 21,000. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஐபேட்டை மூன்றாம் வருடத்தில் விற்றாலும் நல்ல காசு வரும், மலிவானதை யாரும் கேட்க மாட்டார்கள். மறுபக்கம், 125,000 ரூபாயை ஒரே தடவையில் எடுக்க முடியாத வீடுகள்தான் நம்மில் அதிகம். கடன் வாங்கி ஐபேட் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்படியானவர்களுக்கு 60,000இலிருந்து 90,000க்குள் பேனையோடு வரும் நடுத்தர டெப், அல்லது பூட்டுப் பார்த்து வாங்கிய பாவித்த ஐபேட்.

இன்னொன்றையும் யோசியுங்கள். திரை உடைந்தால்? மலிவு டெப்பின் திரை மாற்றும் செலவு பல நேரம் புதியதன் விலைக்குக் கிட்ட வரும், விலை கூடியதில் அந்தச் செலவே ஒரு மலிவு டெப்பின் விலை. இரண்டுக்கும் தடித்த கவர் போடுங்கள்.

மகள் இப்போதுதான் தரம் 6. எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது என்கிறாள்.

எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லை, என்னை நம்புங்கள். தரம் 6க்குத் தேவையானது பாடநூலும் கொப்பியும். சூம் வகுப்பு என்றால் உங்கள் போனை ஒரு புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தால் போதும். இன்று நல்லதாக ஒன்று எடுத்தாலும், அவள் உயர்தரத்துக்கு வரும்போது, புதுப்பிப்பு நிற்கும் காலத்துக்கு அது வந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை முடிந்து முடிவு வரும் வரை உள்ள அந்த மாதங்களில் வாங்குங்கள். அப்போது எந்தப் பிரிவு என்று தெரியும், கணிதமா, கலையா, பேனை வேண்டுமா, வேண்டாமா என்பதும் தெரியும். அவளையும் பம்பலப்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், கையை ஊன்றி வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.